ஹரிகேன் வாலுல வெள்ளி சிப்பிங் போட்டேன், வாஷும் சொதப்பிருச்சு, காப்பாத்துங்கண்ணே

பழங்காநத்தம்_பையன்
எல்லாருக்கும் வணக்கம்ணே. ஒரு வருசமா படிச்சிட்டு மட்டும் போய்க்கிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் மொதப் பதிவு, அதுவும் அழுதுக்கிட்டே. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக் கிட்ல 1/72 ஹரிகேன் செஞ்சேன், ரெண்டாம் உலகப்போர் சண்டை விமானம், நெசத்த விட 72 மடங்கு சின்னதா. 1944 இம்பால்ல நம்ம நம்பர் 1 ஸ்குவாட்ரன் ஓட்டுன வண்டி மாதிரி வரணும்னு ஆசை, அர்ஜன் சிங் கமாண்ட் பண்ண ஸ்குவாட்ரன்ல அது. டார்க் எர்த், டார்க் கிரீன் ரெண்டும் டாமியா அக்ரிலிக்ல கலந்து அடிச்சேன், அது வரைக்கும் சூப்பரா வந்துச்சு, எங்கம்மாவே பாத்துட்டு நல்லாருக்குடான்னுச்சு.

அதுக்கப்புறம்தான் ஏழரை ஆரம்பம். பெயிண்ட் காஞ்சதும் நேரா மேட் வார்னிஷ் அடிச்சேன், அது மேல ஆயில் கலரும் டர்பன்டைனும் தண்ணியா கலந்து வாஷ் போட்டேன், தகடு சேர்ற கோட்டுக்குள்ள மட்டும் நிக்கும்னு பாத்தா ரெக்கை முழுக்க அழுக்குத் தண்ணி கொட்டுன மாதிரி பரவி அப்பிக்கிச்சு. அதை மறைக்க இன்னொரு கோட் மேட் அடிச்சேன், நேத்து சாயங்காலம் மழை வேற, இப்ப ரெக்கை மேல விபூதி பூசுன மாதிரி வெள்ளையா நிக்குது. போதாததுக்கு வெள்ளி பெயிண்ட ஸ்பாஞ்சுல தொட்டு மூக்குலருந்து வாலு வரைக்கும் பெயிண்டு உரிஞ்சு உலோகம் தெரியற மாதிரி சிப்பிங் போட்டுட்டேன், அது மட்டும் எனக்குப் புடிச்சிருக்கு. போட்டோ போட்டிருக்கேன். தூக்கிப் போட்டுறவா, காப்பாத்த முடியுமா?

வில்லாபுரம்_டிங்கர்
தூக்கியெல்லாம் போடாத தம்பி. நான் கார் பெயிண்டிங் பட்டறை வச்சிருக்கேன், பகல்ல காரு, ராத்திரி இந்த சின்ன வண்டி. ஒன்னோட மொதத் தப்பு வரிசை. மேட் பரப்புங்கறது கண்ணுக்குத்தான் வழவழன்னு தெரியும், நெசத்துல அது உப்புத்தாள் மாதிரி, அம்புட்டும் குண்டும் குழியும். அது மேல வாஷ் விட்டா ஒவ்வொரு குழியிலயும் கலரு போயி உக்காந்துக்கும், தொடச்சாலும் வராது. அதுனாலதான் பெயிண்டுக்கு மேல பளபளன்னு கிளாஸ் வார்னிஷ், அது மேல டீகால் (ஒட்டுற படம்), மறுபடி ஒரு கிளாஸ், அப்புறம் வாஷ், கடைசியாத்தான் மேட். டீகாலும் மேட்டு மேலயா ஒட்டுன? போட்டோவுல அந்த ரவுண்டல் வட்டச் சின்னத்தச் சுத்தி வெள்ளிப்படலம் மாதிரி மின்னுதே. அந்தக் குழியில காத்து மாட்டிக்கிட்டா அப்பிடித்தான் மின்னும்.

வெள்ளையா பூத்தது மழை நாள்ல அடிச்சதால. காத்துல ஈரம் ஏகத்துக்கு இருக்கையில தின்னர் ஆவியாப் போறப்ப பரப்பு சில்லுன்னு ஆகும், அந்தக் குளிர்ச்சிக்கு ஈரம் வந்து படியும், படிஞ்சு வார்னிஷுக்குள்ளயே சிக்கிக்கும். ஐப்பசி கார்த்திகைல எங்க பட்டறையில இது தெனப்படி கூத்து, கஸ்டமர் வந்து என்னண்ணே வண்டி பனி புடிச்சிருக்குங்கறான். இல்லாட்டி மேட் பாட்டில அடியில படிஞ்ச வெள்ளைப் பொடி நல்லாக் கலங்குற வரைக்கும் நீ குலுக்கிருக்க மாட்ட, அதுக்கும் இப்பிடித்தான் பூக்கும். ரெண்டுக்கும் மொத வைத்தியம் ஒன்னுதான், வெயில் வந்த நாளாப் பாத்து மேல லேசா ஒரு கோட் கிளாஸ் அடிச்சுப் பாரு, முக்காவாசி வெள்ளை காணாமப் போயிரும்.

சும்மா_எட்டிப்பாத்தேன்
விபூதி பூசுனது நல்லதுதான், திருப்பரங்குன்றம் போயிட்டு வந்த ஹரிகேன்னு சொல்லிறலாம்.

ஓய்வு_ஏர்மேன்
வணக்கம். ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், சொந்த ஊரு உசிலம்பட்டி. வாஷ், வார்னிஷெல்லாம் டிங்கர் தம்பி சரியாச் சொல்லிட்டாரு. நான் பேச வந்தது ஒங்களுக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்களே அந்த வெள்ளி சிப்பிங் பத்தி.

தம்பி, ஹரிகேனோட பின்பக்கம் தகரம் கெடையாது. துணி. காக்பிட்டுக்குப் பின்னாடி வால் வரைக்கும் உள்ள ஸ்டீல் குழாய்ல ஒரு கூடு, அதைச் சுத்தி மர வளையமும் நீள நீளமா மரச் சட்டமும், அது மேல லினன் துணிய இழுத்துப் போத்தி டோப்ங்கற பூச்சு அடிச்சு விறைப்பாக்கி வச்சிருப்பாங்க. ஒங்க கிட்லயே பாருங்க, பின்னாடி மட்டும் வரி வரியா மேடு பள்ளமா இருக்கும், அது தகடு சேர்ற பேனல் லைன் இல்ல, துணிக்கு அடியில இருக்குற சட்டம். துணி உரிஞ்சா வெள்ளி தெரியாது. ஓட்டைதான் தெரியும்.

முன்பக்க கவுலிங் (எஞ்சின் மூடி), ரெக்கை, அங்கிட்டுத்தான் அலுமினியம். ரெக்கையும் ஆரம்ப கால ஹரிகேன்ல துணிதான், பெறகுதான் உலோகமாச்சு, ஒங்க வண்டி 1944ங்கறதால ரெக்கைக்குக் கவலை இல்ல. ஆனா ரெக்கையிலயும் பின்விளிம்புல அசையற அந்த அய்லரான் துணி. வால்ல அசையற ரடர், எலிவேட்டரும் துணி.

பழங்காநத்தம்_பையன்
ஆத்தி. துணியா?? நான் வாலுலதான் அதிகமா போட்ருக்கேன் சார்.

கரிசக்காடு
வருத்தப்படாத பங்காளி, நான் மஸ்கிட்டோ விமானத்துக்கே வெள்ளி சிப்பிங் போட்டவன். அது கிட்டத்தட்ட முழுக்க மரம். பால்சா மரத்த நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டி, அது மேல துணி போத்துன வண்டி. நான் போட்ட வெள்ளிப் புள்ளியெல்லாம் பாத்துட்டு ஒருத்தரு, ஏப்பா மரத்துக்குள்ள எங்கருந்துப்பா எவர்சில்வர் வந்துச்சுன்னு கேட்டாரு, அன்னைக்கு தூக்கமே வரல.

அந்தத் துணி பேரு தெரியுமா, மடபோலம். கோதாவரிப் பக்கம் நரசாபுரத்துக்கிட்ட இருக்குற ஊரோட பேரு அது, கம்பெனிக்காரன் காலத்துல அங்கிட்டு நெய்ஞ்ச பருத்தித் துணிக்கு அந்த ஊரு பேரே நின்னு, கடைசியில வெள்ளக்காரன் ஏரோப்ளேனுக்குப் போத்துற துணிக்கு நம்ம பக்கத்து ஊரு பேரு. சுங்குடிச் சேலை வித்த ஊருல பொறந்துட்டு இதைச் சொல்லாம இருக்க முடியல. அதே மஸ்கிட்டோவ பர்மா சண்டைக்குன்னு இங்கிட்டு கொண்டாந்து நிறுத்துனா நம்ம வெயிலும் மழையும் மாறி மாறி அடிச்சு, 1944 கடைசியில ரெக்கை விட்டுப்போன விபத்துக்கெல்லாம் அப்பறம் கொஞ்ச நாளு பறக்காம நிறுத்தியே வச்சுட்டாய்ங்க.

சும்மா_எட்டிப்பாத்தேன்
புதுமண்டபத்து டெய்லர்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு நாள்ல தச்சுக் குடுத்திருப்பாரு.

விளாச்சேரி_பொம்மக்காரி
நான் ஏரோப்ளேன் செய்யமாட்டேன், எங்க வீட்ல நாலு தலைமுறையா கொலு பொம்மை, எந்தம்பிக்கு இந்தப் பைத்தியம் இருக்கறதால இங்க எட்டிப் பாப்பேன். ஆனா நீங்க பேசறது எங்க தொழில் பேச்சாவே இருக்கு அதான் எழுதறேன்.

பழைய பொம்மை ரிப்பேருக்கு வரும். வருசாவருசம் பரண்லருந்து எடுத்து வச்சு மறுபடி பரண்ல ஏத்துன பொம்மை. அதுல கலரு எங்க போயிருக்கும்னா மூக்கு நுனி, வெரலு, முட்டி, பீடத்து விளிம்பு. முதுகுல போயிருக்காது, மடியில போயிருக்காது. கை படுற எடமும் இன்னொன்னு மேல உரசுற எடமும்தான். போன எடத்துல என்ன தெரியும்? ஒடனே மண்ணு தெரியாது. மேல கலரு, அதுக்கு அடியில வெள்ளைப் பூச்சு, அதுக்கும் அடியிலதான் மண்ணு. லேசா தேஞ்சா வெள்ளை, நல்லா அடிபட்டாத்தான் செவப்பு மண்ணு. நடுவுல மண்ணு, ஓரத்துல வெள்ளை வளையம், அதைச் சுத்தி கலரு, இப்பிடித்தான் ஒவ்வொரு காயமும் இருக்கும். புதுப் பொம்மைய பழசாக் காட்டச் சொல்லி சினிமா ஆர்ட் டைரக்சன்காரங்க கேப்பாங்க, சின்னப் பசங்க எடுத்தவுடனே மண் கலரை புள்ளி புள்ளியா வச்சுருவாங்க, பாத்தா அம்மை போட்ட மாதிரி இருக்கும். தம்பி போட்டோவப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, கோவிச்சுக்காதப்பா.

கீழ என்ன இருக்குன்னு மொதல்ல கேட்டுக்கிட்டு அப்புறம் உரிங்க.

ஓய்வு_ஏர்மேன்
அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. ஏரோப்ளேன்லயும் அலுமினியத்துக்கும் கலருக்கும் நடுவுல பிரைமர்னு ஒரு கீழ்ப்பூச்சு உண்டு. அமெரிக்க வண்டின்னா மஞ்சப்பச்சையா ஜிங்க் குரோமேட். அதுனால லேசா தேஞ்ச எடத்துல மொதல்ல அந்தப் பச்சை, நடுவுல மட்டும் உலோகம். ஜப்பான் ராணுவத்தோட கி-43 மாதிரி வண்டிங்க விதிவிலக்கு, பிரைமர் இல்லாம வெறும் உலோகத்து மேலயே பச்சையை அடிச்சதால பாளம் பாளமா உரியும், அந்த போட்டோக்களைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் எல்லா வண்டிக்கும் அதே மாதிரி உரிச்சு விடுறாங்க.

பிரிட்டிஷ் துணிப் பரப்புல கீழ்ப் பூச்சு செங்காவி டோப். வால்ல ஏதாவது தேய்மானம் காட்டியே ஆகணும்னா சட்டத்து மேடு மேல, விளிம்புல, மங்கலா அந்தச் செங்காவி, அதுவும் ரெண்டே எடத்துல. மத்தபடி துணிக்கு வெளுப்புதான் வயசு. இன்னொன்னு, துருக் கலரை ரெக்கைல யாரும் வைக்காதீங்க. அலுமினியம் துருப்பிடிக்காது, மங்கி சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அவ்ளோதான். துரு வேணும்னா எக்ஸாஸ்ட் குழாய்க்கு வைங்க, அது ஸ்டீல்.

மேலமாசி_48
எல்லாரும் ஒரேடியா பேசறீங்க. என்னைக் கேட்டா இந்த வெதரிங்கே, பழசாக் காட்டறதே ஓவரு. நம்ம ஏர்ஃபோர்ஸ் வண்டி எதாச்சும் அழுக்கா பாத்திருக்கீங்களா? சூலூர்ல தேஜஸ் பாத்தேன், தஞ்சாவூர்ல சுகோய் மேல போறதப் பாத்தேன், பளிச்சுன்னு இருக்கு. நான் 1/48ல மிக்-21 செஞ்சேன், லேசா பேனல் லைன் மட்டும் காட்டினேன், போதும். இவய்ங்க செய்யறதெல்லாம் பாத்தா காயலாங்கடையில எடைக்குப் போட்டது மாதிரி இருக்கு.

ஓய்வு_ஏர்மேன்
மேலமாசி தம்பி சொல்றதுல ஞாயம் இருக்கு, நானே தேச்சுத் தொடச்சவன்தான், ஒரு எண்ணெய்த் துளி நின்னா சார்ஜெண்ட் நம்மள நிக்க வச்சுக் கேப்பாரு. ரெக்கை மேல ஏறணும்னா பாய் விரிச்சுத்தான் ஏறுவோம். ஆனா அது அமைதிக்காலம். எந்த வருசம், எந்த ஸ்டேஷன்னு பாக்கணும். மிக்-21ஐயே எடுத்துக்கங்க. 1963ல வந்தப்ப வெறும் உலோகப் பளபளப்பு. 1965 செப்டம்பர் 6 பதான்கோட்டுல தரையில நின்ன விமானங்களைப் பாகிஸ்தான் சேபர் வந்து அடிச்சுது, அதுல நம்ம மிக்-21ம் போச்சு. மேலருந்து பாக்கறவனுக்கு வெயில்ல மின்னுற வண்டி வா வான்னு கூப்புட்ட மாதிரில்ல. 1971ல பாத்தா மிக்-21 எஃப்.எல். எல்லாம் பச்சையும் காவியுமா அடிச்சுக் கெடக்கு, ஒரு ஸ்குவாட்ரன் அடிச்ச மாதிரி இன்னொன்னு அடிக்கல, அவசர அவசரமா அடிச்சது போட்டோவுலயே தெரியும். டிசம்பர் 14ம் தேதி டாக்கா கவர்னர் மாளிகையில ராக்கெட் அடிச்ச 28வது ஸ்குவாட்ரன் வண்டிய ஷோரூம்லருந்து எறக்குன மாதிரி செஞ்சா அது சரியா? அதே நேரம் 2025 செப்டம்பர்ல சண்டிகர்ல வழியனுப்புனப்ப நின்ன மிக்-21க்கு சேறு பூசுனாலும் தப்பு.

மேலமாசி_48
சரி சார், 71க்கு ஒத்துக்கறேன். மத்ததுக்கு ஒத்துக்கமாட்டேன். சார் ஒரு சந்தேகம், மிக் சக்கரம் நடுவுல அந்தப் பச்சைக் கலரு நெசமா அவ்ளோ பளிச்சுன்னு இருக்குமா, காக்பிட்டும் பச்சைநீலம்னு போட்டிருக்காய்ங்களே?

ஓய்வு_ஏர்மேன்
இருக்கும். ரஷ்யாக்காரன் கலரு அப்பிடித்தான். காக்பிட்ல உக்காந்தா நீச்சல்கொளத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்.

வில்லாபுரம்_டிங்கர்
இழைய மறுபடி தம்பி வண்டிக்குக் கொண்டாறேன். வாலுல இருக்குற வெள்ளிய எடுக்கணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத, சட்டத்து மேடெல்லாம் மழுங்கிரும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) கேளு, சர்க்யூட் போர்டு தொடைக்க வச்சிருப்பாய்ங்க. பட்ஸ்ல தொட்டுப் பைய உருட்டு, டாமியா அக்ரிலிக் கரைஞ்சு வந்துரும், பிளாஸ்டிக்குக்கு ஒன்னும் ஆகாது.

ஆனா ஒன்னு, எங்கள மாதிரி ஹார்டுவேர் கடையில என்.சி. தின்னர் வாங்கிராத. நான் ஆரம்பத்துல பண்ண கூத்து. கார் பெயிண்டு மேல கை பழகுன திமிரு, பட்டறை தின்னர்தானேன்னு ஸ்பிட்ஃபயர் ரெக்கைல பட்ட பெயிண்ட தொடைக்கலாம்னு துணியில தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணு முன்னாடி பேனல் லைனெல்லாம் வெண்ணெய் மாதிரி எளகி துணியோட வந்துச்சு, வெரல் ரேகை பதிஞ்ச ரெக்கை இன்னமும் பட்டறை சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குது. கார் தகரம், அது தாங்கும். இது பாலிஸ்டைரீன். டர்பன்டைன் கூட பெயிண்டு மேல போட்டா ஒன்னும் பண்ணாது, ஆனா வெறும் பிளாஸ்டிக் இடுக்குல கொளமா தேங்குனா ஒட்டுன எடம் விரிசல் விட்டுரும். வாஷ் போடறப்ப ஊத்தாத, நுனித் தூரியால தொட்டு வச்சா அது தானா கோட்டுக்குள்ள ஓடும்.

வெயில் காலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. சித்திரையில 40 டிகிரில நீ ஏர்பிரஷ் அடிச்சா கலரு வண்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காத்துலயே காஞ்சுரும், மாவு தூவுன மாதிரி சொரசொரன்னு விழும், நுனியிலயும் கட்டி கட்டியா அடைக்கும். தின்னரைக் கூட்டு, காயறத மெதுவாக்குற ரிடார்டர் ரெண்டு சொட்டு விடு, பிரஷரக் கொற, 15 பிஎஸ்ஐக்கிட்ட வச்சு கிட்டக்கப் போயி அடி. நான் சித்திரைத் திருவிழா சமயத்துல வெள்ளன அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத்தான் அடிப்பேன், அழகர் ஆத்துல எறங்கறதுக்குள்ள ரெண்டு கோட் முடிஞ்சுரும். கம்ப்ரஸர் பழைய ஃப்ரிட்ஜ்லருந்து கழட்டுனது, சத்தமே வராது, எண்ணெயும் ஈரமும் சேந்து வரும்ங்கறதால ஃபில்டர் போட்டே ஆகணும், போடாம அடிச்சா ரெக்கைல மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விழும். மாஸ்க்கும் போட்டுக்க தம்பி, நான் இருவது வருசம் போடாம இப்ப இருமுறேன்.

கரிசக்காடு
வாஷ் கலரு பத்தி ஒரு வார்த்தை. கறுப்புல போடாத பங்காளி. கணக்குப் போட்டுப் பாரு, நீ விடற கோடு 0.2 மி.மீ. இருந்தாலே 72ஆல பெருக்குனா 14 மி.மீ.க்கு மேல, ஒன் வெரலே உள்ள போற இடுக்கோட எந்த ஏரோப்ளேன் பறக்கும்? அதையும் கரிக்கறுப்புல போட்டா ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி இருக்கும். பச்சைக்கு கொஞ்சம் இருட்டுப் பச்சை, காவிக்கு அடர்ந்த பழுப்பு, அவ்ளோதான். சிப்பிங்கும் அதே கணக்குத்தான், ஒன்னு மி.மீ. புள்ளி வச்சா நெசத்துல ஏழு செ.மீ., உள்ளங்கை அகலத்துக்கு உரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஸ்பாஞ்சை டிஷ்யூல நாலஞ்சு தடவை ஒத்தி கிட்டத்தட்ட காய வச்சுட்டுத்தான் வண்டியில வைக்கணும். ஒத்துன எடத்துல எச்சா ஆயிருச்சுன்னா மூல கலரத் தொட்டு பாதிய மூடு.

வெளுப்புக்கு ஆயில் கலர் புள்ளிதான் என் வழி. கேம்லின் ஆயில் டியூப் போதும், மொதல்ல அட்டையில பிதுக்கி அரை மணி விடு, எண்ணெய அட்டை குடிச்சுரும், இல்லாட்டி பளபளன்னு நிக்கும். வெள்ளை, மஞ்சக்காவி, நீலம், பழுப்பு, கொண்டைஊசி முனை அளவு ரெக்கைல அங்கொன்னு இங்கொன்னா வச்சு, டர்பன்டைன்ல நனைச்சுப் பிழிஞ்ச தட்டைத் தூரியால காத்து ஓடுற தெசையில, முன்னருந்து பின்னுக்கு இழுத்துக்கிட்டே இரு. புள்ளி காணாமப் போகணும், ஆனா ஒரே பச்சை நாலு பச்சையாத் தெரியணும். வாலு துணிக்கு இதுதான் மருந்து, மேட்டுல வெளுப்பு, பள்ளத்துல லேசா அழுக்கு.

பழங்காநத்தம்_பையன்
அண்ணே காத்து தெசைன்னு சொல்றீங்க, ஆனா மழைத்தண்ணி ஓடுன கோடு மேலருந்து கீழதானே வரும்? மாட்டுத்தாவணில நிக்கிற பஸ்ஸெல்லாம் ஜன்னலுக்குக் கீழ நெட்டுக்குத்தலா கோடு இருக்கே.

ஓய்வு_ஏர்மேன்
நல்ல கேள்வி. ரெண்டுமே உண்டு. பறக்கறப்ப ஒழுகுன எண்ணெய் பின்னாடி ஓடும், நிக்கறப்ப ஒழுகுனது தரையப் பாத்து ஓடும். ஆனா ஹரிகேன் நிக்கிற தோரணைய நெனச்சுக்கங்க, சின்ன வால் சக்கரம், மூக்கு மேல தூக்கி நிக்கும். அதுனால தரைக்கு நெட்டுக்குத்தலா ஓடுன கோடு விமானத்தோட ஒடம்புக்குப் பாத்தா சாய்வா இருக்கும். மாடலைக் கையில படுக்க வாக்குல புடிச்சு வரைஞ்சா இது தப்பிப் போயிரும், சக்கரத்துல நிக்க வச்சுட்டு வரையுங்க.

இன்னும் சில எடம் சொல்றேன். மெர்லின் எஞ்சின் எண்ணெய் தெளிக்கும், புரொபெல்லர் பக்கத்துலருந்து வந்து கண்ணாடி மறைக்காம இருக்கத்தான் ஹரிகேன் மூக்குல ஸ்பின்னர் கூம்புக்குப் பின்னாடி ஒரு வளையமே வச்சிருப்பாங்க. அந்த வளையத்துக்குப் பின்னாடி லேசா எண்ணெய் மினுமினுப்பு காட்டலாம். எக்ஸாஸ்ட் கறை வெறும் கறுப்பு இல்ல, ஈயம் கலந்த பெட்ரோலு, நடுவுல வெளுத்த சாம்பல், ஓரத்துல பழுப்பு கறுப்பு, காக்பிட்டுக்குக் கீழ பக்கவாட்டுல ஓடும். பாஸ்டல் சாக்கைத் தேச்சுப் பொடியாக்கி தூரியால தடவுனா போதும். பிரவுனிங் துப்பாக்கி வச்ச மாடலுன்னா ரெக்கை முன்னாடி ஓட்டைகளுக்கு செவப்புத் துணி ஒட்டிருப்பாங்க, தூசி போகாம. சுட்டுட்டு வந்த வண்டின்னா அது கிழிஞ்சு பின்னாடி புகை படிஞ்சிருக்கணும், ஒட்டுனது ஒட்டுன மேனிக்கு இருக்கப் புகையும் இருந்தா அது கணக்குல வராது.

முக்கியமா, பைலட்டும் நம்ம மாதிரி ஆளுங்களும் ஏறுற எடம். ஹரிகேன்ல இடப்பக்கம், கால் வைக்க உள்ள மடங்குற வளையம் இருக்கும், அங்கருந்து இடது ரெக்கை அடிவேர் மேல கால் வச்சுத்தான் காக்பிட்டுக்குப் போகணும். பஸ் படிக்கட்டு நடுவுல எப்பிடித் தேஞ்சு கெடக்கும், அது மாதிரி. தேய்மானம் ஒரு எடத்துல கண்டிப்பாக் காட்டணும்னா அங்க காட்டுங்க, அது ஒன்னே போதும்.

கரிசக்காடு
சேறு வேணும்னா எங்க திருமங்கலத்துக் கரிசல் அள்ளித் தாறேன், வேட்டித்துணியில சலிச்சுக்க. ஆனா எச்சரிக்கை, சலிச்ச மண்ணும் 1/72க்கு ஜல்லி மாதிரிதான் தெரியும். கலருக்கு மட்டும் மண்ணப் பாத்துட்டு பொடி பாஸ்டல்ல அதே நெறத்தக் கலந்துக்கறதுதான் புத்தி. சக்கரத்துக்குப் பின்னாடி ரெக்கை அடியில, ஃப்ளாப் மேல, தூவுன மாதிரி.

சும்மா_எட்டிப்பாத்தேன்
ஹேர்ஸ்ப்ரே வச்சு உரிப்பாய்ங்களே அதப்பத்தி யாரும் வாய் தொறக்கல. எங்கக்கா பாட்டிலைக் காலி பண்ணிட்டு அடி வாங்குனதுதான் மிச்சம், ஒன்னுமே உரியல.

வில்லாபுரம்_டிங்கர்
லாக்கர் தின்னர் கலந்து அடிச்சிருப்ப. அப்பிடி அடிச்சா கலரு கெட்டியாப் புடிச்சுக்கும். கீழ வெள்ளி அடிச்சு நல்லாக் காயவிட்டு, மேல ஹேர்ஸ்ப்ரே ரெண்டு கோட், அது மேல அக்ரிலிக்க தண்ணி கலந்து மெல்லிசா. காஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள தண்ணி தொட்ட தூரியால லேசாச் சொரண்டு, அடியில இருக்குற ஹேர்ஸ்ப்ரே கரைஞ்சு கலரு கழண்டு வரும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா முடிஞ்சது. பையன் வண்டிக்கு இது வேணாம், அது ஜப்பான்காரன் வண்டிக்கு.

பழங்காநத்தம்_பையன்
பதினாலு நாள் கழிச்சு வந்திருக்கேன். வெயில் நாளாப் பாத்து கிளாஸ் அடிச்சேன், விபூதி போயிருச்சு டிங்கரண்ணே!! வாலை ஐபிஏ போட்டுத் தொடச்சேன், எட்டு பட்ஸ் பாக்கெட்டு காலி, அடியில இருந்த பிரைமர் அப்பிடியே நின்னுச்சு. மறுபடி பச்சை காவி அடிச்சு, ஆயில் புள்ளி வச்சு இழுத்தேன், மொத தடவை நெசமாவே துணி மாதிரி தெரியுது, எங்கம்மா தொட்டுப் பாத்துட்டு இது துணியாடான்னுச்சு. வாஷ் பழுப்புல போட்டேன். ரவுண்டல் டீகால புதுசா மாத்திட்டேன், பழசு வெள்ளியாவே நின்னுச்சு. வெள்ளி சிப்பிங் எல்லாத்தையும் மூடிட்டு கவுலிங் திருகாணிகிட்ட மட்டும் விட்ருக்கேன், அப்புறம் ஏர்மேன் சார் சொன்ன மாதிரி ஏறுற எடத்துல மட்டும் நல்லாத் தேச்சுக் காட்டிருக்கேன், பென்சில்ல கொஞ்சம், செருப்பு மண்ணு கொஞ்சம். ஆறு போட்டோ போட்டிருக்கேன், சொல்லுங்க.

விளாச்சேரி_பொம்மக்காரி
நல்லாருக்குப்பா. இப்பத்தான் வயசான மாதிரி இருக்கு, முன்ன சீக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

மேலமாசி_48
எனக்கு இன்னும் கொஞ்சம் ஓவர்தான். ஆனா வாலு அருமை.

ஓய்வு_ஏர்மேன்
வாலு ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி. எக்ஸாஸ்ட் சாம்பலும் சரி. ஆனா மூணாவது போட்டோவப் பாருங்க, தேய்மானம் வலது ரெக்கைல இருக்கு. வளையம் இடப்பக்கம்.

பழங்காநத்தம்_பையன்
சார் இடதுல தானே... ஐயோ. மூக்க என்னப் பாக்க வச்சுக்கிட்டு வேலை பாத்தேன் சார். என்னோட இடது.

சும்மா_எட்டிப்பாத்தேன்
இன்னொரு எட்டு பாக்கெட் பட்ஸ் சொல்லிறவா மாப்ள?